ஓட்டல் லைசென்ஸ் இருக்கா? ஃபோஸ்டாக் பயிற்சிக்கு யாரை அனுப்புவது, எப்படி அனுப்புவது

எங்கள் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருமுறை வந்திருந்தபோது லைசென்ஸைப் பார்த்தார், வேலையாட்களின் மெடிக்கல் சர்டிபிகேட்டைப் பார்த்தார், தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் புரட்டினார், எல்லாம் சரி. கடைசியாக "ஃபோஸ்டாக் முடிச்சவர் யாருங்க?" என்றார். நான்தான் என்று கல்லாவிலிருந்து பெருமையாக எழுந்தேன். "சரி, காலைல அஞ்சு மணிக்கு சாம்பார் வைக்கும்போது உள்ள இருப்பீங்களா?" என்று கேட்டார். நான் கடைக்கு வருவதே எட்டரைக்கு.

அவர் அதற்காக எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு உறைத்துவிட்டது. இந்தப் பயிற்சியில் முக்கியமான முடிவு யாரை அனுப்புகிறோம் என்பதுதான், மற்றதெல்லாம் படிவம் நிரப்பும் வேலை. புதிதாகக் கடை ஆரம்பித்து, லைசென்ஸ் வாங்கி, "ஏதோ சூப்பர்வைசர் டிரெய்னிங்காமே" என்று குழம்பி நிற்பவர்களுக்காக, நான் பட்ட அனுபவத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. இது ஃபோஸ்டாக். சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ஒட்டுவது ஃபாஸ்டேக். போனில் பேசித் தேடினால் பாதி நேரம் கார் ஸ்டிக்கர்தான் வரும். ஃபோஸ்டாக் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 2017இல் கொண்டுவந்த பயிற்சித் திட்டம். உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் செயல்படுத்தும் வழி இது. பயிற்சி முடித்துத் தேறியவருக்குக் கிடைக்கும் பட்டம்தான் 'உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்'.

உங்களுக்கு இது கட்டாயமா?

உங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழை எடுத்து அந்த 14 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உங்களிடம் இருப்பது லைசென்ஸ். 2 என்றால் அது ரிஜிஸ்ட்ரேஷன், சின்ன அளவில் தொழில் செய்பவர்களுக்கானது. தமிழ்நாட்டில் வாங்கிய மாநில லைசென்ஸ் என்றால் பெரும்பாலும் 124 என்று ஆரம்பிக்கும், ஏனென்றால் 24 நம் மாநிலத்துக் குறியீடு. மத்திய லைசென்ஸ் 100 என்று ஆரம்பிக்கும்.

மாநில லைசென்ஸோ மத்திய லைசென்ஸோ இருந்தால் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் கட்டாயம் வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் வைத்திருக்கும் தள்ளுவண்டி, டீக்கடைக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் தெருவோர வியாபாரிகளுக்கென்றே தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், அரை நாள் ஒதுக்கினால் போதும், போய் வருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

எந்த அளவு விற்றுமுதலுக்கு ரிஜிஸ்ட்ரேஷன், எதற்கு மேல் லைசென்ஸ் என்ற வரம்பை இங்கே எழுதப் போவதில்லை. விதி திருத்தம் வரும்போது அது மாறக்கூடியது. ஃபோஸ்காஸ், அதாவது லைசென்ஸுக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் விண்ணப்பிக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில், அன்றைய தேதிக்கு என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் நாலு வருடத்துக்கு முன் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எத்தனை பேர்?

ஒரு கடைக்கு, அதாவது ஒரு முகவரிக்கு, உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் ஒரு மேற்பார்வையாளர். 25க்குக் குறைவாக இருந்தாலும் ஒருவர் வேண்டும். 26 ஆகிவிட்டால் இரண்டு பேர். இரண்டு கிளை வைத்திருந்தால் ஒருவரையே இரண்டுக்கும் காட்ட முடியாது, கிளைக்கு ஒருவர்.

உணவைக் கையாளுபவர் என்றால் சமைப்பவர் மட்டும் என்று நினைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய. தோசை மாஸ்டர், சரக்கு மாஸ்டர், காய் நறுக்கும் அக்கா, மாவு அரைப்பவர், சப்ளையர், பார்சல் கட்டும் பையன், பாத்திரம் தேய்ப்பவர் எல்லோரையும் எண்ணுங்கள். சட்டினிக் கிண்ணத்தைக் கழுவுகிறவர் கை சுத்தம் இல்லையென்றால் மாஸ்டர் கை சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம்?

விதி தலைக்கணக்கை மட்டும்தான் சொல்கிறது. ஆனால் காலை டிபனுக்கு ஒரு ஆட்கள், இரவு பரோட்டாவுக்கு வேறு ஆட்கள் என்று இரண்டு ஷிப்ட் ஓடும் கடையாக இருந்தால், மொத்தமே 15 பேர்தான் என்றாலும் ஷிப்டுக்கு ஒருவரை அனுப்புங்கள் என்பேன். காலை ஆள் வீட்டில் தூங்கும்போது இரவு சிக்கனை யார் பார்ப்பது?

யாரை அனுப்புவது

நான் செய்த தப்பு முதலிலேயே சொல்லிவிட்டேன். முதலாளிகள் பலரும் அதைத்தான் செய்கிறோம், ஏனென்றால் நமக்குப் படிவம் நிரப்பத் தெரியும், ஆதார் கையில் இருக்கும், ஒரு நாள் கடையை விட்டு வந்தால் சம்பளம் பிடிக்க ஆள் இல்லை. இன்னொரு தப்பு, படித்த பையன் என்று பில் போடும் ஆளை அனுப்புவது. சர்டிபிகேட் வந்துவிடும், ஆனால் அடுப்படியில் அவன் சொல்லை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இருபது வருடம் கரண்டி பிடித்த மாஸ்டரிடம் போய் "அண்ணே, இந்தக் குழம்பைக் கொட்டிடலாம்" என்று அவனால் சொல்ல முடியுமா?

மூன்று விஷயம் பாருங்கள். சமையல் நடக்கும் நேரத்தில் உள்ளே இருப்பவரா? அவர் நிறுத்து என்றால் மற்றவர்கள் நிறுத்துவார்களா? இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது உங்களிடம் இருப்பாரா? மூன்றாவதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தெரியும். நம் தொழிலில் தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆள் திரும்பி வந்தால்தான் நிஜம். சர்டிபிகேட் ஆளின் பெயரில்தான் வரும், கடையின் பெயரில் வராது. அவர் போனால் அதுவும் அவரோடு போகும். அதனால் கணக்குப்படி ஒருவர் போதும் என்றாலும் இரண்டு பேரைப் படிக்க வைத்துவிடுவது நல்லது.

சமையல்காரருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்று தயங்க வேண்டாம். வகுப்பு பெரும்பாலும் படம், வீடியோ, பேச்சாகத்தான் போகும். மொழியை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் தொழில்நுட்ப நபர் என்று ஒருவரைக் கேட்பார்கள், உற்பத்தியை மேற்பார்வை செய்யப் படிப்புத் தகுதி உள்ளவர் வேண்டும் என்பது அது. முக்கியமாக ஊறுகாய், பேக்கரி, பால் பொருள் மாதிரித் தயாரிப்பு யூனிட்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபோஸ்டாக் மேற்பார்வையாளர் வேறு, இவர் வேறு. ஒரே ஆளே இரண்டாகவும் இருக்கலாம், ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக் கழிக்க முடியாது.

எந்தப் பாடம்

பேசிக், அட்வான்ஸ்டு, ஸ்பெஷல் என்று மூன்று தட்டு. பேசிக் அரை நாளில் முடியும், அட்வான்ஸ்டுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். அதற்குள் தொழில் வாரியாகப் பிரிவு இருக்கும்: ஓட்டல், மெஸ், கல்யாணச் சமையல் எல்லாம் கேட்டரிங், பொருள் தயாரிப்பு என்றால் மேனுஃபாக்சரிங், மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு ரீடெய்ல், குடோன், வண்டிக்கு ஸ்டோரேஜ் அண்ட் டிரான்ஸ்போர்ட். ஸ்பெஷலில் பால், இறைச்சி, மீன், எண்ணெய், பாட்டில் தண்ணீர், பேக்கரி என்று அந்தந்தப் பொருளுக்கென்றே வகுப்பு.

உங்கள் லைசென்ஸில் என்ன வகைத் தொழில் என்று போட்டிருக்கிறதோ அந்தப் பிரிவையே எடுங்கள். சுலபமாக இருக்கும், தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று ஓட்டல்காரர் ரீடெய்ல் வகுப்பில் போய் உட்கார்ந்து, பிறகு செல்லாது என்று அலைந்த கதை எனக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ள ஓட்டல் என்றால் அட்வான்ஸ்டு கேட்டரிங் எடுப்பதே என் யோசனை. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி அலுவலரிடம் கேளுங்கள், தானாக முன்வந்து கேட்கிறவர்களை அவர்கள் கடித்துவிடுவதில்லை.

பதிவு செய்வது

ஃபோஸ்டாக் தளத்துக்குப் போங்கள். முகவரி எஃப்எஸ்எஸ்ஏஐ டாட் கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டு தனியார் தளங்கள் பல காசு பார்க்கின்றன. மாநிலம், மாவட்டம், பாடப் பிரிவு போட்டுத் தேடினால் வரப்போகும் வகுப்புகளின் பட்டியல் வரும். வகுப்பை நடத்துவது எஃப்எஸ்எஸ்ஏஐ நேரடியாக அல்ல, அவர்கள் அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்கள். அதனால் யாராவது போன் செய்து "டிரெய்னிங் தரோம்" என்றால் முதலில் கேட்க வேண்டியது, "உங்க பேரு ஃபோஸ்டாக் லிஸ்ட்ல இருக்கா, வகுப்பு தளத்துல ஏறியிருக்கா?" என்பதுதான். தளத்தில் இல்லாத வகுப்புக்கு அங்கிருந்து சர்டிபிகேட் வராது.

வகுப்புக்கே வர வேண்டாம், ஆதாரும் பணமும் அனுப்பினால் சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. வேண்டாம். பிடிபட்டால் உங்கள் பெயர்தான் கெடும் என்பது ஒரு பக்கம், அதைவிட முக்கியம், நாளைக்கு உங்கள் கடையில் சாப்பிட்ட பத்து பேருக்கு வாந்தி என்று வந்தால் அந்தக் காகிதம் எதையும் தடுத்திருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியவை: வகுப்பு தமிழிலா? பரீட்சைக் கேள்வி தமிழில் வருமா? நேரிலா, ஆன்லைனா? கட்டணத்தில் என்னவெல்லாம் அடக்கம், ரசீது உண்டா? நான் முதல் கேள்வியைக் கேட்காமல் போய், பாதி வகுப்பு ஆங்கிலத்தில் ஓட, பின்வரிசையில் இருந்த மாஸ்டர்கள் எல்லாம் போனை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் மேல் தப்பில்லை.

ஆட்கள் அதிகமாக இருந்தால், அல்லது நாலைந்து ஓட்டல்காரர்கள் சேர்ந்தால், பயிற்றுநரை உங்கள் இடத்துக்கே வரவழைக்கலாம். ஊரில் ஓட்டல் உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சங்கம் வழியாக நடத்துவது உண்டு. ஆன்லைன் வகுப்பும் செல்லும். ஆனால் அடுப்படி ஆட்களுக்கு நேரடி வகுப்புதான் மண்டையில் ஏறுகிறது, இது என் அபிப்பிராயம்.

பதிவு செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, பெயர். கடையில் எல்லோரும் அவரை 'மணி மாஸ்டர்' என்போம், ஆதாரில் சுப்பிரமணியன் என்று இருக்கும். ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, அப்படியே அடியுங்கள், சர்டிபிகேட்டில் நீங்கள் அடித்ததுதான் வரும். இரண்டு, போன் நம்பரும் இமெயிலும். எல்லோருக்கும் கடை நம்பரையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தனித்தனி நம்பர் கொடுங்கள், ஓடிபி வரும்போதும் பின்னால் சர்டிபிகேட்டை இறக்கும்போதும் அதுதான் வசதி. மெயில் ஐடி இல்லாதவருக்கு ஒன்று ஆரம்பித்து, பாஸ்வேர்டை கடை நோட்டில் எழுதி வையுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்

பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும். கை கழுவு, நகம் வெட்டு, தலைக்குக் குல்லாய் போடு. "இதைச் சொல்லவா காசு வாங்கினீங்க" என்று எனக்கும் தோன்றியது. சூடு பற்றிய பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்து மண்டலம் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் கிருமிகள் பெருகும். வசதியான சூடும் ஈரமும் கிடைத்தால் சில பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், காலை ஏழு மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் சூடாகப் பரிமாறுவது 60க்கு மேலே, குளிரில் வைப்பது 5க்குக் கீழே, உறைய வைப்பது மைனஸ் 18. திரும்பச் சூடு பண்ணினால் உள்சூடு 75 வர வேண்டும், மேலே குமிழி வந்தால் போதாது.

வகுப்பு முடிந்து வந்த மறுநாள் ஒரு கம்பி தெர்மாமீட்டர் வாங்கினேன். மதியம் இரண்டரைக்கு, பந்தி குறைந்த நேரம், சாம்பார் வாளியில் விட்டுப் பார்த்தேன். 44 காட்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கருவி கெட்டது என்று நினைத்து, ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்ட டம்ளரில் விட்டேன், சரியாகப் பூஜ்யம் காட்டியது. கருவியைச் சரிபார்க்கும் அந்த வித்தையையும் வகுப்பில்தான் கற்றேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது கொதித்த சாம்பார்தான் அது, வாளியில் ஊற்றி மூடாமல் வைத்த மூன்று மணி நேரத்தில் அங்கே வந்து நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் சூடாகத்தான் தெரியும், நம் கைக்கு 44 சூடுதானே. கிருமிக்கு அது மெத்தை. இப்போது பெரிய அண்டாவை அடுப்பிலேயே சிம்மில் விட்டுவிட்டு, அரை வாளி அரை வாளியாக எடுக்கிறோம்.

சோறு விஷயமும் அப்படித்தான். மிஞ்சிய சோற்றை அண்டாவோடு இரவு வெளியே விட்டு, காலையில் தாளித்து லெமன் சாதமாக்குவது நம் தொழிலில் பழகிப்போன ஒன்று. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் விதைத்துகள் கொதியிலும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது அது முளைத்து ஒரு விஷத்தை விடும், பிறகு எவ்வளவு தாளித்தாலும் அந்த விஷம் போகாது. மிஞ்சியதை வைக்கத்தான் வேண்டும் என்றால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் 60இலிருந்து 21 டிகிரிக்கு இறக்கி, பிறகு ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும். அண்டாவோடு ஃபிரிட்ஜில் ஏற்றினால் நடுவில் இருப்பது விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஃபிரிட்ஜில் சமைத்தது மேல்தட்டு, பச்சைக் கறியும் மீனும் அடித்தட்டு. கறியிலிருந்து சொட்டும் நீர் எதன் மேலும் விழக் கூடாது, அவ்வளவுதான் காரணம். நறுக்கும் பலகையும் கத்தியும் பச்சைக் கறிக்குத் தனி. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் மூடாமல் மாவில் கை வைக்கக் கூடாது, புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் விடும் விஷமும் சூட்டுக்கு அசையாது. வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, காய்ச்சல் என்று வந்தால் அந்த ஆளை அன்று உள்ளே விடாதீர்கள். அன்றைய சம்பளத்தைப் பிடித்தீர்கள் என்றால் அடுத்தமுறை அவர் சொல்லவே மாட்டார், இதைப் பயிற்றுநர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் டோட்டல் போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. நேற்றைய கருத்த எண்ணெயில் புதுசைக் கலந்து ஓட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிவதும் கூடாது, மை உணவில் இறங்கும்.

தமிழ்நாட்டுச் சேதியாக இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பது தெரிந்து அதைத் தடை செய்தார்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஒரு வருடத் தடை போட்டார்கள். ஷவர்மா, கிரில் சிக்கன் போடுகிறவர்கள் இந்த மாதிரி உத்தரவுகளைப் பின்தொடர்வதும் மேற்பார்வையாளர் வேலையில் சேர்த்திதான்.

பரீட்சை

கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். வகுப்பில் விழித்திருந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை. டிகிரி எண்கள், எதை எங்கே வைப்பது, கை எப்போது கழுவுவது, லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று வரும். 5, 60, 75, மைனஸ் 18, இந்த நாலு எண்ணையும் உள்ளங்கையில் எழுதியாவது மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். எழுதிய கையோடு பரீட்சை ஹாலுக்குள் போகாதீர்கள்.

சர்டிபிகேட் தளத்தில் ஏறியதும் இறக்கி, பெயர், பாடப் பிரிவு, தேதி மூன்றையும் பாருங்கள். தப்பு இருந்தால் அன்றே பயிற்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் போனை எடுக்க மாட்டார்கள். இரண்டு வருடம் செல்லும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள். ஒரு நகல் கடை ஃபைலில், ஒன்று அவரிடம், ஒன்று உங்கள் போனில்.

அதற்கப்புறம்

சர்டிபிகேட் வாங்கியவரின் முதல் வேலை, தான் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது. மதியம் மூன்றரைக்கு எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில் வாரம் ஒரு விஷயம், பத்தே நிமிடம். இந்த வாரம் ஃபிரிட்ஜ் தட்டு, அடுத்த வாரம் கை கழுவுவது. யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னோம் என்று நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள், பயிற்சிப் பதிவேடு எங்கே என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

அவரிடம் ஒப்படைக்க வேண்டிய ஃபைலில் இவை இருக்கட்டும்: வருடம் ஒருமுறை எல்லா ஆட்களுக்கும் மருத்துவப் பரிசோதனைச் சான்று, டைபாய்டு தடுப்பூசி விவரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட், பூச்சி மருந்து அடித்த பில், சரக்கு வாங்கிய பில்கள். கூடவே ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு, அதில் தினம் மூன்று முறை ஃபிரிட்ஜ் சூடும், மதியம் ஒருமுறை சாம்பார், குழம்புச் சூடும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், எல்லா நாளும் 4 டிகிரி என்று நிரப்பாதீர்கள். பார்க்கிறவருக்குப் பார்த்தவுடன் தெரியும். கரண்ட் போன நாளில் 9 என்று இருந்து, பக்கத்தில் "பால், கிரீம் கொட்டியாச்சு" என்று கிறுக்கியிருந்தால்தான் அந்த நோட்டுக்கு மரியாதை.

ஓட்டல்களுக்கு ஆய்வுப் படிவம் ஒன்று எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிட்டிருக்கிறது, மொத்தம் 114 மதிப்பெண். சில வரிகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் அதில் ஒன்று தவறினால் தவறியதுதான். அதை இறக்கி அச்செடுத்து மேற்பார்வையாளர் கையில் கொடுத்து, மாதம் ஒருமுறை நம் கடைக்கு நாமே மார்க் போடச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு முதல்முறை அவர் போட்ட மார்க்கை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குறை இருந்தால் நேராக சீல் வைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். வழக்கமாக முதலில் வருவது மேம்பாட்டு நோட்டீஸ், சட்டத்தின் 32ஆம் பிரிவு. என்ன குறை, எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் லைசென்ஸ் நிறுத்தம், ரத்து என்று போகும். சுகாதாரமில்லாமல் தயாரிப்பதற்கு 56ஆம் பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அலுவலர் சொன்னதைக் காரணமில்லாமல் செய்யாமல் விட்டால் 55ஆம் பிரிவில் 2 லட்சம் வரை. நோட்டீஸ் வந்தால் பதிலை எழுத்தில் கொடுங்கள், சரிசெய்த இடத்தின் போட்டோவோடு.

மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது? கோபத்தில் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், அது அவருடையது, தளத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் அவர் இறக்கிக்கொள்ளலாம். அவர் போகப்போவது தெரிந்த அன்றே அடுத்த வகுப்புத் தேதியைத் தேடிப் பதிவு செய்து, பதிவு செய்த ரசீதை ஃபைலில் வையுங்கள், இடைப்பட்ட நாளில் யாராவது வந்து கேட்டால் காட்ட அதாவது இருக்கும். எங்கள் கடையில் இப்போது காய் நறுக்கும் அக்கா ஒருத்தரும் இரவு மாஸ்டரும் முடித்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் அக்காவின் புடவை முந்தானையில் செருகியிருக்கும். என் சர்டிபிகேட் காலாவதியாகி ரொம்ப நாள் ஆகிறது, நான் புதுப்பிக்கவில்லை.